அழுதுச்சா என்று கேட்காத படிவம்

தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு விடுதியின் குளிரூட்டிய அறையில், பதினான்கு பேர் ஐந்து நாள் உட்கார்ந்து பேசினோம். இந்த மாநிலத்துப் பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், அதில் எத்தனை தங்கியது, கரு தங்காமலிருக்க என்ன செய்கிறார்கள், வெளிக்கு எங்கே போகிறார்கள் என்பதையெல்லாம் அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் பேச்சு. பதினான்கு பேரில் பெண்கள் மூன்று பேர். பிள்ளை பெற்றவள் நான் ஒருத்திதான். அதைப் பற்றி அந்த ஐந்து நாளில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாடு முழுக்க வீடு வீடாகப் போய் மக்கள்தொகை, உடல்நலம் பற்றித் தகவல் திரட்டுகிற பெரிய ஆய்வு அது. ஆங்கிலக் கேள்விகள் டெல்லியில் முடிவாகிவிட்டன. அவற்றைத் தமிழ்நாட்டுக்குப் பொருத்தி, சில ஊர்களில் ஒத்திகை பார்த்து, அச்சுக்கு அனுப்புகிற வேலையைச் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் எடுத்திருந்தது. நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நிரந்தர வேலை இல்லை. கணவருக்குக் கல்பாக்கத்தில் உத்தியோகம், குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அந்தப் பகுதியைத் தெரிந்த, புள்ளியியல் படித்த, தமிழ் எழுதத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று தேடியதில் நான் அகப்பட்டேன். அந்தப் பகுதி எனக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நிறுவனத்தின் இயக்குநர் மக்கள்தொகையியலில் வெளிநாட்டுப் பட்டம் வாங்கியவர். அதை நாங்கள் மறந்துவிடுவோமோ என்ற கவலை அவருக்கு நிறைய இருந்தது. மனிதர்களைக் குறிக்க அவரிடம் ஒரே சொல்தான்: ரெஸ்பாண்டென்ட், பதில் சொல்கிறவர். பேட்டி கொடுக்கப்போகிற பெண்களை மட்டுமல்ல, தன்னையும் அப்படித்தான் சொல்வார். ஒருநாள் காபி கொண்டுவந்தவர் சர்க்கரை போடலாமா என்று கேட்டபோது, "ரெஸ்பாண்டென்டுக்கு எத்தனை ஸ்பூன்" என்று தன்னையே கேட்டுக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் காலை முழுக்க, குடும்பம் என்றால் என்ன என்று பேசினோம். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது விதி. ஒரு பேராசிரியர் எழுந்து, மகன் மாடியில் தனி கேஸ் அடுப்பு வைத்துச் சோறு வடித்துக்கொள்கிறான், குழம்பை மட்டும் கீழே அம்மாவிடம் வாங்கிக்கொள்கிறான், அது ஒரு குடும்பமா இரண்டா என்று கேட்டார். அவருடைய சொந்த வீட்டு விவகாரம் என்பது பத்தாவது நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாடு வரை அவர் மருமகளுக்காக நாடு தழுவிய ஒரு விதியை வளைத்துப் பார்த்தோம். வளையவில்லை. இறால் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் கழிப்பறை. ஃபிளஷ், குழி, பொதுக் கழிப்பிடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கடைசியில், வசதி இல்லை, புதர் அல்லது வயல் என்று ஓர் எண். கடலோரத்து ஊர்களில் மணலுக்குத்தானே போகிறார்கள், அதைச் சேர்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"புதர்னு போட்டுடுங்க" என்றார் இயக்குநர்.

"அங்க புதரே இல்லை சார். வெறும் மணல்."

"புதர்ங்கிறது ஒரு கேட்டகிரி மேடம். செடியைத் தேடாதீங்க."

அந்த அறையின் கண்ணாடி வழியே பார்த்தால் தெரிகிற அதே மணல்தான். விடுதியின் வேலிக்கு இந்தப் பக்கம் சாய்வு நாற்காலி போட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் புதர் என்று அச்சானது.

தமிழ் மொழிபெயர்ப்பை ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் முன்கூட்டியே செய்து கொடுத்திருந்தார். ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழ். எந்த வீட்டிலும் பேசாத தமிழ். குழந்தை எல்லா இடத்திலும் மகவு. மாதவிலக்கு பூப்புச் சுழற்சி. நான் அதை மெருகேற்ற வேண்டும் என்றார்கள். அதாவது மாற்றக்கூடாது, பார்த்து டிக் போட வேண்டும்.

அதில் ஒரு கேள்வி. உயிரோடு பிறந்து பிறகு இறந்துபோன மகனோ மகளோ உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லை என்று சொன்னால், விடாமல் இன்னொரு முறை துருவிக் கேட்க வேண்டும்; ப்ரோப் என்பார்கள் அதை. ஆங்கிலத்தில் அந்த இரண்டாவது கேள்வி, பிறந்ததும் அழுத, அல்லது உயிர் இருந்ததற்கான அடையாளம் ஏதாவது காட்டிய, ஆனால் பிழைக்காத குழந்தை உண்டா என்று இருந்தது. பேராசிரியருக்கு, உயிர் அடையாளத்துக்குள் அழுகையும் அடங்கிவிடுகிறது, இரண்டு முறை எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். "உயிர்க்குறிகள் தென்பட்டும் பிழையாதுபோன மகவு ஏதேனும் உண்டா?" என்று எழுதியிருந்தார். வாக்கியம் நன்றாக இருக்கிறதே என்று நான் டிக் போட்டேன். அழுகை காணாமல் போனது என் கண்ணில் படவில்லை.

அந்த ஐந்து நாள் முடிந்தபிறகு ஒத்திகை. செங்கல்பட்டில் ஒரு தெரு, சதுரங்கப்பட்டினத்தில் மீனவர் குடியிருப்பு.

செங்கல்பட்டில் நாங்கள் போனது உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கிற தெரு. முதல் வீட்டுக்காரர் எங்கள் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, முத்திரை தெளிவாக இல்லை என்றார். பிறகு மனைவியைக் கூப்பிடாமல் அவரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, கேளுங்கள் என்றார். இது உங்கள் மனைவியைக் கேட்க வேண்டிய கேள்வி என்றேன். அவளுக்கு என்ன தெரியும் என்றார். அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர். சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்று, தன்னுடைய கருத்தடை ஆபரேஷன் எந்த வருடம் நடந்தது என்று கணவர் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திருத்தவில்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் என் பேனாவைப் பார்த்தார். எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தெருவில் மீதி வீடுகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

சதுரங்கப்பட்டினம் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரம். ஆறு வருடம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். வருகிற உறவுக்காரர்களை அந்த ஊர் டச்சுக் கோட்டைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். வாசலுக்கு வருகிற மீன்காரியிடம் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசியிருக்கிறேன். குடியிருப்புக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. அந்தப் பகுதியைத் தெரிந்த பெண் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஊர் நர்சம்மா உடன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நீலப் புடவை, தோளில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய பதிவேடுகள் அடங்கிய பை. வீடு வீடாக எல்லாருடைய பிரசவமும் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டு வாசலில், கோணிமேல் நெத்திலியைப் பரப்பிப் புரட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூன்று பிள்ளைகள். ஒவ்வொன்றின் பேர், வயது எல்லாம் சொன்னாள். அடுத்த கேள்வியைப் படித்தேன். இறந்தது ஒன்றும் இல்லை என்றாள். விதிப்படி இரண்டாவது கேள்வியையும் படித்தேன்.

"இன்னா கேக்கற? பிரியற மாதிரி கேளு."

உயிர்க்குறிகள் தென்பட்டும் என்று இன்னொரு முறை, இன்னும் மெதுவாகப் படித்தேன். மெதுவாகப் படித்தால் புரிந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

"அதெல்லாம் ஒன்னுங் கெடயாது" என்று சொல்லிவிட்டு மீனைப் புரட்டினாள். இல்லை என்ற கட்டத்தில் வட்டம் போட்டேன்.

திரும்பி நடக்கும்போது நர்சம்மா கேட்டார். "அது எத்தினி சொல்லிச்சு?"

"மூணு. இறப்பு இல்லை."

"ரெண்டு போச்சே மேடம். ஒன்னு எங்கையிலயே போச்சு."

நான் நின்றேன். "உங்க ரிஜிஸ்டர்ல இருக்கா?"

"செத்துப் பொறந்துச்சுன்னு எழுதிக்கீறேன்."

"செத்தா பிறந்துச்சு?"

"இல்ல. மூச்சு வுட்டுச்சு. கொஞ்ச நேரம் இருந்துச்சு."

"பின்ன ஏன் அப்படி எழுதினீங்க?"

அவர் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். "உசுரோட பொறந்து செத்துச்சுன்னு எழுதினா டாக்டரு கூப்ட்டு நிக்கவெச்சு கேப்பாரு. எத்தினி மணிக்கு போன, ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பல, ஏன் வண்டி புடிக்கல. வண்டி எங்க கீது புடிக்கறதுக்கு. செத்துப் பொறந்துச்சுன்னா ஒரு கேள்வியும் கெடயாது. நீங்க எழுதிகினு போயிருவீங்க மேடம். நான் இங்கதான் கீறேன்."

அன்று அவர்மேல் எனக்குக் கடுமையான வெறுப்பு வந்தது. பச்சைக் குழந்தையை ஒரு வார்த்தையில் உயிரில்லாமல் பிறந்ததாக மாற்றிவிட்டாரே என்று. வீட்டுக்கு வந்து ஆங்கிலப் படிவத்தையும் தமிழ்ப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், நாங்களும் அதையேதான் செய்திருக்கிறோம் என்பது தெரிந்தது. அவருக்காவது டாக்டரிடம் பயம் என்று ஒரு காரணம் இருந்தது.

மறுநாள் திரும்ப அந்த வீட்டுக்குப் போனேன். அன்று பார்த்து இயக்குநர் களப்பணியைப் பார்வையிட வந்திருந்தார். அம்பாசிடரை மணல் தொடங்குகிற இடம் வரை கொண்டுவரச் சொல்லி, அது புதைந்து, நாலு பேர் தள்ளி, பிறகு நடந்து வந்தார். ஒரு கையில் கைக்குட்டை. கருவாட்டு வாசனைக்கு மூக்கில் வைத்துக்கொள்ள. இன்னொரு கையில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று டெல்லிக்குச் சொல்ல வேண்டுமாம். நிழல் இருந்த ஒரே இடத்தில் அவர் போய் நின்றுகொண்டார்.

படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன். "நேத்து கேட்டேனே, அதையே திரும்பக் கேக்கறேன். பொறந்ததும் அழுதுட்டு, அப்புறம் போனது ஏதாவது உண்டா?"

அவள் கை நின்றது.

"ரெண்டு" என்றாள். "மொதமொதல்ல பொறந்தது ஒன்னு. அது நல்லா அழுதுச்சு, தெருவுக்கே கேட்டுச்சு. பொழுது சாயறதுக்குள்ள போயிடுச்சு. அப்பால கடேசி புள்ளைக்கு முன்னால ஒன்னு. அது ஒரே தபாதான் அழுதுச்சு. பூனக்குட்டி கணக்கா."

"நேத்து இல்லைன்னு சொன்னியேம்மா."

"நேத்து நீ இன்னாவோ குறி குறின்னு கேட்டே. கோயில்ல குறி சொல்றாங்களே, அத்த கேக்கறேன்னு நெனச்சேன்." சுருண்டிருந்த கோணியின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "அதுவுமில்லாம அதுக்கு பேரு வெக்கல, தொட்டில்ல போடல. அத்த யாரு புள்ள கணக்குல வெச்சாங்க. மாமியாகூட எனக்கு மூணுன்னுதான் சொல்லும். நீதான் கேக்கற."

பிறகு முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அது பிறந்த அன்று கடல் எப்படி இருந்தது, புருஷன் கரைக்கு எப்போது வந்தான், அவன் வரும்வரை புதைக்காமல் எங்கே வைத்திருந்தார்கள் என்று. சொல்லிக்கொண்டே மீனைப் புரட்டினாள். இயக்குநர் இரண்டு முறை என்னைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

அவள் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா நைனா, பஸ்ஸுக்கு டைம் பாக்கறியா? அது அப்பவே போயிடுச்சு."

அவர் ஸ்டாப்வாட்சைத் திருப்பிப் பார்த்தார். என்னிடம், "எட்டரை நிமிஷம். ஒரே ஒரு ப்ரோபுக்கு" என்றார்.

அன்று பிற்பகலே திரும்ப விடுதியில் கூடினோம். அழுகை என்ற சொல் தமிழில் விட்டுப்போயிருக்கிறது, சேர்க்க வேண்டும் என்றேன். குறி என்றால் எப்படிப் புரிகிறது என்பதையும் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள், சொல்லின் வேறொரு அர்த்தத்துக்காக. ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். பாமரர் வழக்கை அச்சில் ஏற்றினால் படிவத்தின் மதிப்புக் குறையும் என்று அவர் சொன்னதாகச் சொன்னார்கள்.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். அவருடைய பொறுமை எனக்கு எப்போதுமே கோபத்தைவிட அதிகம் எரிச்சல் தரும். தமிழ்ப் படிவத்துக்கு டெல்லி ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஒரு சொல்லை மாற்றினாலும் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்ப வேண்டும். எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஒப்பிட முடியும். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மற்ற மாநிலங்களில் அழுகையை வைத்துத்தான் கேட்கிறார்களே சார், நாம்தானே கேட்காமல் விடுகிறோம் என்றேன்.

"மேடம், நீங்க ஒரு பொம்பளைகிட்ட ஒரு கதை கேட்டுட்டு வந்து பேசறீங்க. அது சோஷியாலஜி. நாம பண்றது டெமோகிராஃபி" என்றார். பிறகு, பேட்டியாளர் கையேட்டில் ஒரு குறிப்பாக அதைச் சேர்க்கலாம் என்று பெரிய மனது பண்ணினார். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

ஒத்திகையின் கடைசி நாள் ஒரு தாள் வந்தது. தமிழ்ப் படிவம் களத்தில் ஒத்திகை பார்க்கப்பட்டுத் திருப்திகரமாக இருப்பதாகக் கண்டறியப்பட்டது என்று அதில் இருந்தது. கீழே என் பெயர். அதே நேரத்தில், செங்கல்பட்டுப் பகுதிக்குப் பயிற்சி ஒருங்கிணைப்பாளராக என்னைப் போடப்போவதாக இயக்குநர் சொன்னார். ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரி முதல்வர் அறைக்கு வெளியே, இந்த வருடம் என்னைக் கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருந்து எனக்கு அலுத்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

பயிற்சி செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்கான சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு கிடந்தன. தொடக்க உரைக்கு வந்த இயக்குநர் அதில் ஒன்றில்தான் உட்கார்ந்தார். சுற்று வட்டாரத்திலிருந்து பட்டம் முடித்த இருபது பெண்கள் வந்திருந்தார்கள். அவர் போனபிறகு கரும்பலகையில் எழுதினேன்: "பொறந்ததும் அழுதுச்சா?" அச்சில் இருப்பதைப் படியுங்கள், பிறகு இதைக் கேளுங்கள் என்றேன். படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தினமும் காலையில் எல்லாரையும் அதைச் சொல்லச் சொன்னேன். அதை ஒரு வீரச்செயலாகவே அப்போது நினைத்துக்கொண்டேன். வெளியே நல்ல பிள்ளையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே பென்சிலால் மாற்றுவதற்கு வேறு பேர் உண்டு என்பது பிறகுதான் உறைத்தது.

அந்த இருபது பேரில் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அப்பா பக்கத்துத் தொழிற்பேட்டையில் காவலாளி. அதிகம் பேசமாட்டாள். பேட்டி எடுக்கும்போது படிவத்தைத் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்ளாமல், எதிரே இருப்பவளின் கண்ணைப் பார்த்துக் கேட்பாள். அவளிடம் பெண்கள் சொன்னார்கள். மற்றவர்களைவிட அவள் படிவங்களில்தான் ஒரு நாள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போன குழந்தைகள் அதிகம் வந்தன.

வேலை தொடங்கிய இரண்டாவது மாதம் இயக்குநர் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் கணினியில் எடுத்த அட்டவணை. செங்கல்பட்டுக் குழுக்களில் குழந்தை இறப்பு மற்ற இடங்களைவிட அதிகமாக வருகிறது, டெல்லியில் கேட்கிறார்கள் என்றார். ஒரு வரியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பெண்ணின் எண்.

"இந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகாமலே உட்கார்ந்து எழுதறா" என்றார்.

"இல்லை சார். அழுதுச்சான்னு கேக்கச் சொல்லி நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை எடுத்து அட்டவணைமேல் வைத்தார். "அச்சடிச்ச கேள்வி திருப்திகரமா இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் எதுக்கு வேற கேள்வி சொல்லிக்கொடுத்தீங்க? ரெண்டுல எது பொய்னு நான் டெல்லிக்கு எழுதட்டும்?"

என் கையெழுத்துதான் பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுபேட்டிக்கு ஆள் அனுப்பினார்கள். சென்னையிலிருந்து இரண்டு மேற்பார்வையாளர்கள் அதே வீடுகளுக்குப் போய், அச்சில் இருந்ததை மட்டும் எழுத்துப் பிசகாமல் படித்தார்கள். உயிர்க்குறிகள் தென்பட்டும் பிழையாதுபோன மகவு. பெண்கள் இல்லை என்றார்கள். இல்லை என்று வட்டம் போட்டு வந்தார்கள். அந்தப் பெண் இட்டுக்கட்டி எழுதியிருக்கிறாள் என்பது அறிவியல்பூர்வமாக நிரூபணமாகிவிட்டது. அவளுடைய படிவங்களைத் திருத்தினார்கள். அவளை நிறுத்தினார்கள். மற்ற பெண்களுக்குச் செய்தி புரிந்தது. ஓரத்தில் எழுதிய பென்சில் எழுத்துகளை அவர்களே அழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு செங்கல்பட்டு அட்டவணையில் ஒரு குறையும் வரவில்லை.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். கோயில் தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அவள் அம்மா நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கப் போனவள், நிறுவனத்தின் நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒப்பிடுவதற்கு ஒரே மாதிரி கேள்வி அவசியம் என்று என் வாயாலேயே சொன்னேன்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "நீங்க சொன்னதத்தான் செஞ்சேன் மேடம்" என்றாள்.

"தெரியும்மா."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சொல்லிட்டு?"

நான் எழுந்து வந்துவிட்டேன். பயிற்சி ஒருங்கிணைப்பாளர் வேலையை அந்தச் சுற்று முடியும்வரை விடவில்லை. விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. அட்டையில் சிரிக்கிற தாயும் சேயும். தரவுகளின் தரத்தைப் பற்றி ஒரு பின்னிணைப்பு. களத்தில் கண்டறியப்பட்ட பிழைகள் உடனுக்குடன் களையப்பட்டன என்று அதில் இருந்தது. களையப்பட்ட பிழைகளில் சிலவற்றுக்கு ஒரு நாள் வயது. நன்றியுரையில் என் பெயரை எழுத்துப்பிழையோடு போட்டிருந்தார்கள். அதற்காகக் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கோபம் வந்தது.

அறிக்கை வந்தபிறகு டெல்லிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததையெல்லாம், என் கையெழுத்தையும் சேர்த்து. எல்லாம் முடிந்து, எழுதுவதால் எனக்கு எந்த நஷ்டமும் வராது என்று ஆனபிறகு எழுதிய கடிதம். பதில் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு, அடுத்த சுற்றுக்கான வேலை தொடங்கியது. சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். இயக்குநர் பேசினார். முடி முழுக்க நரைத்து இன்னும் கம்பீரமாகியிருந்தார். மக்கள் மொழியில் கேட்பதன் முக்கியத்துவத்தைப் பற்றிப் பேசினார். திரையில் புதிய தமிழ்ப் படிவத்தைக் காட்டினார். பிறந்தவுடன் அழுது, பிறகு இறந்துபோன குழந்தை உண்டா என்று அதில் அச்சாகியிருந்தது. கிராமத்துப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பேசியபோது தனக்குக் கிடைத்த சொல் என்றார். அவர் எங்கேயும் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைதட்டினார்கள். இடைவேளையில் என்னிடம் வந்து, "மேடம், அந்தக் காலத்துல நீங்களும் இதைப் பத்தி ஏதோ சொல்லிட்டிருந்தீங்க இல்ல" என்றார். ஆமாம் சார் என்றேன். சமோசாவை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயிலில் அவள் ஏறினாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பரனூர் பக்கம் புதிதாக வந்திருந்த கம்பெனிகளில் ஒன்றில் வேலை. ஒரே ஸ்டேஷன் தூரம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு வந்து நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேம்மா. நீ?"

"இருக்கேன். கல்யாணம் ஆயிடுச்சு. ஒரு பையன்."

அந்தக் கேள்வியை இப்போது அச்சிலேயே போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

"யாரு போட்டாங்க?"

"அதே சார்தான்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். ரயில் வேகம் குறைந்தது. "அந்த வீடுங்களுக்கெல்லாம் நான் அப்புறமும் போய்ப் பாத்தேன் மேடம்" என்றாள். "வேலைய வுட்டு நிறுத்தின பின்னாடி. ரெண்டாவது ஆளு வந்து கேட்டப்ப ஏன் இல்லைன்னு சொன்னீங்கன்னு கேட்டேன். ஒரு அம்மா சொல்லிச்சு, ஒரு தபா சொன்னதே பெரிசு, வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்றதுக்கு அது இன்னா சினிமாக் கதையான்னு."

பரனூர் வந்தது. "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவளோடு இறங்கிய கூட்டம் மேம்பாலத்துப் படியில் ஏறத் தொடங்கியது. நான் செங்கல்பட்டு வரை உட்கார்ந்து வந்தேன்.